மூவாயிரம் படம், ஒரு மிருகமும் இல்லை

காட்டு மிருகங்களைப் படமெடுக்கக் கோடையில் மரத்தில் கட்டிய தானியங்கிக் கமெராவை இரண்டு கிழமை கழித்துத் திறந்தால் மூவாயிரம் படம் இருக்கும்; அத்தனையிலும் ஒரே நாயுண்ணிப் பற்றை. கமெராவைக் குறைசொல்ல முடியாது. அதிலுள்ள சென்சருக்கு மிருகம் தெரியாது. சுற்றிலும் உள்ளதை விட வேறு சூடான ஏதோ அசைகிறது என்பதுதான் தெரியும். வெயிலில் காய்ந்த பற்றை சோளகக் காற்றில் ஆடினால் அதுவும் அதற்கு மிருகம்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: நண்பகலில் தரை கொதிக்கும்போது மரையின் உடம்புச் சூட்டுக்கும் தரைச் சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். முன்னால் மரை நடந்தாலும் படம் விழாமற் போகலாம். ‘பகலில் மிருகமே இல்லை’ என்று எழுத முன் இதை யோசியுங்கள்.

மோட்டைக்கரையும் (மோட்டை என்பது காட்டுக்குள் நீர் தேங்கும் பள்ளம்) குளத்து அலைகரையும் கோடைக்குத்தான் நல்ல இடங்கள். மாரியில் எங்கும் தண்ணீர் நிற்கும், மிருகம் அங்கே வந்தாக வேண்டியதில்லை. பழைய வண்டில் பாதைகளே நம்பகமானவை.

தடத்திலிருந்து 3 அல்லது 4 மீற்றர் தள்ளி, தொடையிலும் தடித்த பாலையிலோ வீரையிலோ கட்டுங்கள். மெல்லிய மரம் ஆடினால் கமெராவும் ஆடும். உயரம் முழங்கால் அளவு, 40 முதல் 50 சென்ரிமீற்றர். நெஞ்சளவில் கட்டுவது நமக்கு வசதி. சருகுமான் அடியால் போய்விடும். காலை, மாலை வெயில் லென்சில் விழாதபடி வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். மிருகம் குறுக்கே கடந்தால் சென்சர் சட்டென்று பிடிக்கும், நேரே வந்தால் பிந்தும். பிறகு சோதனை நிலைக்கு மாற்றி, முன்னால் தவழ்ந்து பாருங்கள். சிறு விளக்கு மின்னாவிட்டால், மேற்பக்கம் மரத்துக்கும் கமெராவுக்கும் இடையில் ஒரு சுள்ளியைச் செருகிச் சற்றுக் கீழே சாய்த்து, திரும்பத் தவழுங்கள்.

சிறுத்தைகளை இனங்கண்டு எண்ணுவதென்றால் தடத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று தேவை. வலப்பக்கப் புள்ளி இடப்பக்கத்தில் இராது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் பிளாஷ் மற்றதைக் குருடாக்கும், சற்று விலத்தி வையுங்கள்.

பற்றரியில் சிக்கனம் வேண்டாம். பழசும் புதுசும் கலந்தால் பகற்படம் வரும், இரவுப்படம் இருண்டு போகும். முதற்படமாக, இடமும் திகதியும் நேரமும் எழுதிய தாளைக் கமெரா முன் பிடியுங்கள். கமெராவின் மணிக்கூடு பிழைத்திருந்தாலும் பின்னர் திருத்தலாம்.

சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். வனஜீவராசிகள் திணைக்கள அனுமதியின்றி அங்கே கட்டக்கூடாது. மற்றக் காடுகளில் வனவளத் திணைக்களத்தைக் கேளுங்கள். ஊரவர் விறகுக்கும் தேனுக்கும் அன்றாடம் நடமாடும் இடத்தை விட்டு, நல்ல மரம் தெரிகிறதென்று பத்தடிகூட விலகாதீர்கள்; முன் சொன்ன 3, 4 மீற்றரும் அந்த இடத்துக்குள்ளேயே இருக்கட்டும். வன்னியில் மிதிவெடி இன்னும் முற்றாக எடுபடவில்லை. மாரி வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருளை வெளியே கொண்டுவரும். கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் தேடும் அதே மிருகத்தடத்தைத்தான் கட்டுத்துவக்கு (கம்பியில் தட்டுப்பட்டால் வெடிக்கும் பொறித்துவக்கு) வைப்பவரும் தேடுகிறார். அவருடைய கம்பியும் ஏறக்குறைய முழங்கால் உயரத்தில்தான் குறுக்கே போகும். குனிந்து பார்த்து நடவுங்கள். படத்தை முகநூலில் போடுவதென்றால் குளத்தின் பெயரையும் அடியில் விழும் நேரத்தையும் வெட்டிவிடுங்கள். ‘மரை, இரவு 7.40, இன்ன மோட்டை’ என்பது அவருக்குப் போதும்.