பழைய பெட்ரோல் காரை ஹைட்ரஜனுக்கு மாற்ற அரசு உதவி உண்டா?

இல்லை. தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தில் தனிநபர் காருக்கென்று மானியம் எதுவும் கிடையாது. பெயரை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மத்திய அமைச்சரவை 2023 ஜனவரியில் ஒப்புதல் அளித்த இந்த இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் 17,490 கோடி, பசுமை ஹைட்ரஜனையும் (சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பது) அதைத் தயாரிக்கும் எலக்ட்ரோலைசர் கருவிகளையும் உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கான ஊக்கத்தொகை.

வண்டிகளுக்கென்று இருப்பது ஒரு சோதனைத் திட்டம். 2024 பிப்ரவரியில் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன, 496 கோடி ஒதுக்கப்பட்டது. 2025 மார்ச்சில் ஐந்து திட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது: 37 பேருந்துகளும் லாரிகளும், 9 ஹைட்ரஜன் நிரப்பும் நிலையங்களும். திருவனந்தபுரம்–கொச்சி வழித்தடமும் இதில் உண்டு. இந்த 37-இல் 22 வண்டிகள் ஹைட்ரஜனை நேரடியாக இன்ஜினுக்குள் எரித்து ஓடுபவை. வழக்கமான இன்ஜினுக்கும் எதிர்காலம் இருக்கிறது என்பதற்கு எனக்கு இது நல்ல அறிகுறியாகப் படுகிறது.

ஆனால் அவை அதற்கென்றே வடிவமைத்த இன்ஜின்கள். ஹைட்ரஜன் தீப்பற்ற, பெட்ரோலுக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே போதும். சிலிண்டருக்குள் சூடாக இருக்கும் ஸ்பார்க் பிளக் முனையோ கரித்துகளோ பட்டாலே, பொறி வருவதற்கு முன் பற்றிக்கொள்ளும். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடாத நேரத்தில் அப்படி நடந்தால் நெருப்பு காற்றுக் குழாய்க்குள் திரும்பும். அதனால் இன்ஜெக்டர், பிளக், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி என்று நிறைய மாற்ற வேண்டும். எரிபொருள் தொட்டியோ 350 அல்லது 700 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கார்பன் புகை வராவிட்டாலும் சூட்டில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும், அதையும் அடக்கியாக வேண்டும்.

சரி, சொந்தச் செலவில் மாற்றலாமா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வேறு எரிபொருளுக்கு மாறுவதை அடியோடு தடுக்கவில்லை. வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கிட் பொருத்தி மாற்றலாம் என்கிறது. மாற்றத்தை ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றினால் பிரிவு 182ஏ-படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஆர்.சி.யில் ஏறாத மாற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கலாகும்.

'தண்ணீரில் ஓடும் கார்' என்று விற்கும் கிட்டுகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பானெட்டுக்குள் ஒரு குடுவை, இரண்டு வயர். தண்ணீர் பிரிந்து வரும் வாயு இன்ஜினுக்குப் போகும் என்பார்கள். பிரிக்கத் தேவையான மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் குடிப்பது உங்கள் பெட்ரோல். ஒவ்வொரு படியிலும் ஆற்றல் வீணாவதால், அந்த வாயு திருப்பித் தருவது அதை உண்டாக்கச் செலவானதைவிடக் குறைவு.

யாராவது கிட் விற்க வந்தால், அந்த கிட்டை உங்கள் கார் மாடலில் பொருத்தலாம் என்று சோதித்துத் தரும் வகை ஒப்புதல் சான்றிதழைக் கேளுங்கள். உயர் அழுத்த சிலிண்டர் என்றால், வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் ஒப்புதலையும் கேளுங்கள். காட்டினால் அந்த நகல்களோடு முதலில் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். பணம் கொடுப்பதெல்லாம் அப்புறம்.