முதலாளியிடம் இணையதள வேகத்தைச் சொல்வது எப்படி?

கோலாலம்பூரில் செயல்திறன் சோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நிர்வாகக் கூட்டத்தில் முதல் ஸ்லைடிலேயே பக்கம் திறக்கும் சராசரி நேரத்தைப் போடாதீர்கள்.

தீபாவளி விற்பனைக்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு துணிக்கடையின் இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டும் பக்கம் 100 பேரில் 95 பேருக்கு 1 விநாடியில் திறக்கிறது. மீதி 5 பேருக்கு 20 விநாடி. சராசரி 1.95 விநாடிதான் வரும். "ரெண்டு விநாடிதானே, நல்லாத்தானே இருக்கு" என்று முதலாளி அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை, நாம் காட்டிய எண் அப்படி. இந்தக் கணக்கில் பி95, அதாவது 100 பேரில் 95 பேருக்கு எத்தனை விநாடிக்குள் திறக்கிறது என்ற எண்ணை எடுத்தால்கூட 1 விநாடிதான், 99 பேருக்கான பி99 எடுத்தால்தான் அந்த 20 வெளியே வரும். ஆனால் பி99 என்று சொன்னால் யாருக்குப் புரியும்? "ஒரு நாளைக்கு 10,000 பேர் பணம் கட்ட வந்தால், 500 பேர் பணம் கட்டும் பக்கம் திறப்பதற்கே 20 விநாடி காத்திருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். விற்பனை மேலாளர் நிமிர்ந்து உட்காருவார். 10 விநாடியைத் தாண்டினால் ஆளின் கவனம் வேறு பக்கம் போய்விடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிவிட்டார்.

அடுத்த கேள்வி எப்போதும் இதுதான்: "பெரிய சர்வர் வாங்கினால் சரியாகிவிடுமா?" இதற்குத்தான் நன்றாகத் தயாராக வேண்டும். நான் பார்த்த பல இடங்களில் சர்வரின் சிபியு தன் திறனில் பாதிகூட ஓடவில்லை. சரக்கு இருப்பைப் பார்க்கும் ஏதோ ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) டேட்டாபேஸ் இணைப்புகளை விடாமல் பிடித்து வைத்திருக்கும், மற்றதெல்லாம் பின்னால் வரிசையில் நிற்கும். தபால் நிலையக் கவுண்டரில் ஒருவரே அரை மணி நேரம் நின்றால், மண்டபத்தைப் பெரிதாக்கி என்ன பயன்? இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்கும்.

இன்னொன்று, "இத்தனை ஆயிரம் ரிங்கிட் நஷ்டம்" என்று உத்தேசமாக அடித்துவிடாதீர்கள். 100 பேரில் 5 பேர் 20 விநாடி காத்திருந்தது நாம் அளந்தது. அவர்களில் எத்தனை பேர் வாங்காமல் போனார்கள் என்பது விற்பனைப் பிரிவின் தரவோடு ஒப்பிட்டால்தான் தெரியும். நிதி அதிகாரி ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார், அப்புறம் அளந்த எண்ணையும் நம்பமாட்டார்.

கடைசி ஸ்லைடில் உங்களுக்கு என்ன முடிவு வேண்டும் என்று நேராகக் கேளுங்கள்: குவெரியைத் திருத்த ஒரு டெவலப்பர், மறுசோதனைக்கு ஒரு வாரம், இரண்டும் தீபாவளி விற்பனை தொடங்கும் முன்.