வளைவில் விளக்கைத் திருப்பும் போகி

இரவில் ஒரு ரயில் நெருக்கமான வளைவில் நுழையும்போது அதன் ஹெட்லைட் எதைக் காட்டுகிறது என்று கவனித்துப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் மரம், பாறை, சுவர், பள்ளம் எல்லாம் பளிச்சென்று தெரியும். ரயில் போக வேண்டிய தண்டவாளம் மட்டும் இருட்டில் கிடக்கும். இன்னும் பெரிய விளக்கைப் போட்டாலும் இது தீராது, அந்த மரங்கள்தான் இன்னும் நன்றாகத் தெரியும். கார்க்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்தது, ஆனால் காரில் ஸ்டியரிங் இருக்கிறது, அதனோடு விளக்கை இணைத்துவிடலாம். 1948-இல் வந்த டக்கர் காரில் நடுவில் இருந்த மூன்றாவது விளக்கு அப்படித்தான் ஸ்டியரிங்கோடு திரும்பியது. 1967-இல் சித்ரோன் டிஎஸ் காரின் உள்பக்க விளக்குகளைக் கேபிள் வழியாகத் திருப்பினார்கள். ரயிலில் ஸ்டியரிங்கே கிடையாது. ஓட்டுநர் எதையும் திருப்புவதில்லை, தண்டவாளம்தான் வண்டியைத் திருப்புகிறது. அப்படியானால் வளைவு வந்துவிட்டது என்று விளக்குக்கு யார் சொல்வது?

சக்கரங்கள் சொல்லலாம். பெட்டிக்கு அடியில் இரண்டு முனைகளிலும் சக்கரங்களைத் தாங்கும் சட்டம் ஒன்று இருக்கும், போகி என்று ரயில்வே பொறியாளர்கள் சொல்வது அதைத்தான். அது பெட்டியோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டதல்ல, நடுவில் ஒரு மையத்தில் சுழலும். வளைவில் ஒவ்வொரு போகியும் தான் நிற்கும் இடத்துத் தண்டவாளத்தின் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். பெட்டியோ இரண்டு போகிகளுக்கும் இடையே நேர்க்கோடாகக் கிடக்கும், வட்டத்துக்குள் போட்ட நாண் மாதிரி. ஆகவே முன் போகிக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சின்னக் கோணம் உண்டாகிறது, வலப்பக்க வளைவில் வலப்பக்கமாக, இடப்பக்க வளைவில் இடப்பக்கமாக. வளைவு எவ்வளவு நெருக்கமோ அந்தக் கோணம் அவ்வளவு பெரிது. வளைவை அளக்கும் கருவி ஒன்று ரயிலுக்கு அடியில் பிறவியிலேயே இருக்கிறது, அதிலிருந்து ஒரு கம்பியை விளக்குக்கு இழுத்தால் போதும் என்ற எண்ணம் யாருக்கும் வரத்தான் செய்யும். 1900-க்கு அடுத்து வந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்த மாதிரி ஏற்பாடுகளுக்குக் காப்புரிமைகள் வரிசையாகப் பதிவாயின.

கம்பியை இழுத்துவிடலாம், ஆனால் போகி எவ்வளவு திரும்புகிறது என்று கணக்குப் போட்டால் முதல் சிக்கல் தெரியும். இரண்டு போகி மையங்களுக்கும் இடையே 14 மீட்டர், வளைவின் ஆரம் 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகி பெட்டியிலிருந்து திரும்பும் கோணம் வெறும் 2 டிகிரி. விளக்கு முன் போகி மையத்திலிருந்து 3 மீட்டர் முன்னால் இருக்கிறது, அதிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கும் தண்டவாளத்தைக் காட்ட வேண்டும் என்றால், பெட்டியின் திசையிலிருந்து அது கிட்டத்தட்ட 12 டிகிரி திரும்ப வேண்டும். திரும்பாத விளக்கின் ஒளிக்கற்றை அந்தத் தூரத்தில் தண்டவாளத்தை விட்டு 12 மீட்டருக்கு மேல் விலகிப் போயிருக்கும். விளக்கைத் தூக்கி நேராகப் போகியின் மேலேயே வைத்தால்கூட அந்த 2 டிகிரிதான் கிடைக்கும், அதாவது 12 மீட்டரில் 2 மீட்டரை மட்டும் மீட்கலாம். போகியின் அசைவை ஏறக்குறைய ஆறு மடங்காகப் பெருக்கியாக வேண்டும்.

இந்த ஆறு மடங்கு என்பது 200 மீட்டர் வளைவுக்கு மட்டும் பொருந்தும் எண் இல்லை, எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். வளைவின் ஆரம் இரண்டு மடங்கானால் போகி திரும்பும் கோணம் பாதியாகும், விளக்கு திரும்ப வேண்டிய கோணமும் பாதியாகும், விகிதம் அப்படியே நிற்கும். 300 மீட்டர் வளைவோ 500 மீட்டர் வளைவோ, 60 மீட்டர் தூரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் எல்லாவற்றுக்கும் அதே ஆறு மடங்குதான். (டிராம் பாதைகளில் வரும் மிக நெருக்கமான வளைவுகளில் இது கொஞ்சம் பிசகும், ஏனென்றால் அங்கே கோணங்கள் பெரிதாகிவிடுகின்றன.) கணிப்பொறி வேண்டாம், மோட்டார் வேண்டாம், நீளம் சரியாக வெட்டிய ஒரு நெம்புகோல் எல்லா வளைவுகளுக்கும் சரியான விடையைத் தானே போட்டுவிடும். இரும்புக் கம்பியால் ஒரு பெருக்கல் கணக்கைச் செய்வது என்றால் இதுதான்.

சரி, கம்பியை எங்கே கட்டுவது? போகியின் முன் முனை பக்கவாட்டில் நகர்கிறதே, அங்கே கட்டலாம் என்று முதலில் தோன்றும். மையத்திலிருந்து 1.5 மீட்டர் முன்னால் இருக்கும் புள்ளி, 2 டிகிரி திருப்பத்தில் 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகரும், நல்ல அசைவுதான். ஆனால் பெட்டி போகியின் மேல் ஸ்பிரிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது, அந்த ஸ்பிரிங்குகள் பெட்டியைப் பக்கவாட்டிலும் சில சென்டிமீட்டர் ஆட விடுகின்றன, பயணிகளுக்கு அதிர்ச்சி தெரியாமல் இருக்க அது தேவை. அப்படி ஆடும் ஒவ்வொரு முறையும் விளக்குக்கு அது வளைவாகத் தெரியும். நேர்ப்பாதையில் போகும்போதே விளக்கு இடமும் வலமும் பார்க்கத் தொடங்கிவிடும். ஆகவே பக்கவாட்டு அசைவைத் தொடாமல், முன்னும் பின்னுமான அசைவை எடுக்க வேண்டும். போகி வலப்பக்கம் திரும்பினால் அதன் இடப்பக்கச் சட்டம் முன்னே போகும், வலப்பக்கச் சட்டம் பின்னே வரும். மையத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கும் பக்கச் சட்டத்தில் அந்த நகர்வு 35 மில்லிமீட்டர். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு நீளக் கம்பியை எடுத்து ஒரு குறுக்கு நெம்புகோலின் இரண்டு முனைகளிலும் மாட்டினால், பிரேக் போடும்போது போகி மொத்தமாகக் கொஞ்சம் பின்னே தள்ளப்பட்டாலும் நெம்புகோல் மொத்தமாக நகருமே தவிரச் சுழலாது, இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் வந்தால் மட்டும்தான் சுழலும். அந்தச் சுழற்சியை விளக்கின் அச்சுக்குப் பெருக்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பியின் இரு முனைகளிலும் பந்து மூட்டு வைத்து, கம்பியையும் முடிந்த அளவு நீளமாக வைத்தால், பெட்டி மேலும் கீழும் குதிப்பது விளக்கை ஏறக்குறையத் தொடாது.

அப்புறம் இன்னொரு தொல்லை, இதுதான் உண்மையில் பெரியது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் சக்கரங்களைச் செய்கிறார்கள், இல்லையென்றால் சக்கரம் இறுகிவிடும். அந்த இடைவெளிக்குள் போகி நேர்ப்பாதையிலும் நெளிந்து நெளிந்துதான் ஓடும், முன் அச்சு ஒரு பக்கம் ஒதுங்கும்போது பின் அச்சு மறுபக்கம் ஒதுங்கலாம். 2.5 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு அச்சுகள் ஆளுக்கு 8 மில்லிமீட்டர் எதிரெதிராக ஒதுங்கினால் போகி 0.37 டிகிரி திரும்பியிருக்கும். பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் நாம் அதை ஆறு மடங்கு பெருக்கிவிட்டோம், விளக்கு 2 டிகிரிக்கு மேல் ஆடும், 60 மீட்டர் தள்ளி ஒளி 2 மீட்டருக்கு மேல் அலையும். மணிக்கணக்கில் அந்த ஆடும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டும் ஆளின் கண்களை நினைத்துப் பாருங்கள். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, இணைப்பில் வேண்டுமென்றே கொஞ்சம் லூஸ் விடுவது, போகி அரை டிகிரிக்கு மேல் திரும்பினால்தான் கம்பி விளக்கைத் தொடும். இன்னொன்று டேம்பர், வேகமான ஆட்டத்தை விழுங்கி மெதுவான திருப்பத்தை மட்டும் கடத்தும். லூஸ் விட்டால் விளக்கு நடுவில் நிலையாக நிற்க ஒரு ஸ்பிரிங்கும் வேண்டும். கம்பி அறுந்துபோனாலும் அந்த ஸ்பிரிங் விளக்கை நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். என்னைக் கேட்டால் முக்கிய விளக்கை அசைக்கவே கூடாது, டிஎஸ் காரில் செய்தது போல வெளி விளக்குகள் நிலையாக இருக்க, துணை விளக்குகள் மட்டும் திரும்புவதே பாதுகாப்பு.

இந்த நெளிவு இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறது. 1000 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகி திரும்புவது 0.4 டிகிரிதான், அது நேர்ப்பாதை நெளிவின் அளவுதான். வளைவா ஆட்டமா என்று கம்பியால் பிரித்தறிய முடியாது. அங்கே விளக்கு திரும்ப வேண்டியதும் 2 டிகிரி சொச்சம்தான், கொஞ்சம் அகலமான ஒளிக்கற்றையே அதைச் சமாளித்துவிடும். மாறாக 20 மீட்டர் ஆரத்தில் தெருமுனை திரும்பும் டிராமில், போகி மையங்களுக்கு இடையே 6 மீட்டர் இருந்தாலே போகி 8 டிகிரிக்கு மேல் திரும்புகிறது. அங்கே நெளிவு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே கம்பியால் திரும்பும் விளக்குக்கு உரிய இடம் டிராம் பாதையும் மலைப்பாதையும்தான்.

வேகக் கணக்கும் அதையே சொல்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தில் நொடிக்கு 0.8 மீட்டர் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நிற்க ஏறக்குறைய 480 மீட்டர் வேண்டும். முன்னால் பாறை கிடப்பது 60 மீட்டரில் தெரிந்து என்ன செய்வது? அந்த வேகத்தில் ரயிலை நிறுத்துவது சிக்னல், சிக்னலுக்குச் சொந்த விளக்கு இருக்கிறது. மெயின் லைனில் ஹெட்லைட்டின் வேலை பாதி பார்ப்பது, பாதி மற்றவர்கள் நம்மைப் பார்க்கச் செய்வது. டிராம் அப்படியல்ல, 30 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண பிரேக்கிலேயே 40 மீட்டருக்குள் நின்றுவிடும், கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். பார்க்கும் தூரத்துக்கும் நிற்கும் தூரத்துக்கும் பொருத்தம் இருக்கும் இடத்தில்தான் திரும்பும் விளக்கு உயிரைக் காக்கும்.

கம்பியே இல்லாமல் விளக்கு கொஞ்சம் திரும்பிய வண்டிகளும் உண்டு, எஞ்சினின் வடிவமே அதைச் செய்துவிட்டது. 1909-இல் டாஸ்மேனியாவுக்காகக் கட்டப்பட்ட கே1 என்ற எஞ்சினில் தொடங்கிய காரட் வகை நீராவி எஞ்சின்களில் கொதிகலன் நடுச்சட்டத்தில் தொங்கும், முன்னால் தண்ணீர்த் தொட்டியைச் சுமந்த சக்கரத் தொகுதி தனியாகத் திரும்பும். அந்தத் தொட்டியின் முகத்தில் இருக்கும் விளக்கும் கூடவே திரும்பும். சுவிட்சர்லாந்தில் காட்ஹார்ட் மலைப்பாதைக்காக 1919 முதல் கட்டிய மின்சார எஞ்சின்களை முதலை என்றே கூப்பிடுகிறார்கள், நீண்ட மூக்கு இரண்டும் சக்கரத் தொகுதியோடு ஒட்டியிருப்பதால் வளைவில் மூக்கு முதலில் திரும்பும், மூக்கு முனையின் விளக்குகளும்தான். ஒரே கொதிகலனுக்கு அடியில் முன், பின் என்று இரண்டு சக்கரத் தொகுதிகள் கொண்ட மாலெட் வகை நீராவி எஞ்சின்களில் இது அப்படியே தலைகீழ். அங்கே கொதிகலன் பின் தொகுதியோடு பிணைந்திருக்கிறது, வளைவில் அதன் முகம் பாதையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கொதிகலன் முகத்தில் விளக்கை வைத்தால் சாதாரண எஞ்சினைவிட மோசமாகத் தவறான இடத்தைக் காட்டும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கம்பியால் தாண்ட முடியாத ஒரு குறை இருக்கிறது. போகிக்குத் தெரிவது தான் நிற்கும் இடத்து வளைவு, விளக்குக்கு வேண்டியதோ 60 மீட்டர் முன்னால் இருக்கும் வளைவு. நேர்ப்பாதையிலிருந்து வளைவை நோக்கி 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது, வளைவு தொடங்கும் இடம் ஒளிக்குள் வந்ததிலிருந்து முன் போகி அதைத் தொடும்வரை 7 நொடிக்கு மேல் ஆகும், அதுவரை விளக்கு நேராகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். போகி உள்ளே போனதும் வேலை சுறுசுறுப்பாக நடக்கும், நாம் எடுத்துக்கொண்ட பெட்டியில் 7 மீட்டர் நுழைந்ததுமே முழுத் திருப்பத்தில் முக்கால் பங்கு வந்துவிடும். வெளியேறும்போதும் இதே கதைதான்: முன்னால் பாதை நேராகிவிட்ட பிறகும், வளைவின் கடைசி மீட்டர் வரை விளக்கு உள்பக்கமே பார்த்திருக்கும். இடப்பக்கம் வளைந்து உடனே வலப்பக்கம் வளையும் பாதையில் இது மிக மோசம், ஒரு வளைவின் முடிவில் விளக்கு அடுத்த வளைவுக்கு நேர் எதிர்ப்பக்கத்தைக் காட்டும். ஸ்டியரிங்கோடு இணைத்த கார் விளக்குக்கும் இதே நோய் உண்டு, ஆனால் கார் ஓட்டுநர் வளைவுக்குச் சற்று முன்பே ஸ்டியரிங்கை அசைக்கத் தொடங்குவார். போகிக்கு அந்த முன்யோசனை இல்லை.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. வட அமெரிக்க எஞ்சின்களில் கீழே இரண்டு பக்கமும் இருக்கும் டிட்ச் லைட்டுகள் எதையும் திருப்புவதில்லை, கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தபடி நிலையாக நிற்கின்றன, வளைவு எந்தப் பக்கம் வந்தாலும் ஏதோ ஒரு விளக்கின் ஒளி உள்பக்கம் விழும். அமெரிக்க விதி அவற்றை எஞ்சினின் நடுக்கோட்டிலிருந்து 15 டிகிரிக்குள் திருப்பி வைக்க அனுமதிக்கிறது. நாம் மேலே பார்த்த 12 டிகிரி அதற்குள் அடங்கிவிடுகிறது. அசையும் பாகம் இல்லை, தேய்மானம் இல்லை, லூஸ் இல்லை. பராமரிப்புக் கொட்டகையில் வேலை பார்ப்பவர் எதை விரும்புவார் என்று சொல்லவே வேண்டாம். பல துண்டுகளாக இணைந்த தாழ்தளப் புது டிராம்கள் சிலவற்றில் முன் துண்டின் சக்கரத் தொகுதி ஏறக்குறையச் சுழலாமல் அந்தத் துண்டோடு பிணைந்திருக்கிறது, ஆகவே முகம் தானாகவே பாதையின் திசைக்குத் திரும்புகிறது, காரட்டின் அதே உத்தி வேறு வடிவில்.

ரயிலுக்கு வேறு எந்த வண்டிக்கும் இல்லாத ஒரு வசதியும் இருக்கிறது. அது போகும் பாதை மாறாது, ஒவ்வொரு வளைவின் ஆரமும் தொடக்கமும் வரைபடத்தில் முன்பே எழுதியிருக்கிறது. வண்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று சக்கரச் சுற்றுகளை எண்ணியோ செயற்கைக்கோள் வழியாகவோ தெரிந்தால், வளைவுக்கு 60 மீட்டர் முன்னாலேயே விளக்கை மெல்லத் திருப்பத் தொடங்கலாம். அதற்கு விளக்கு அசையக்கூட வேண்டாம், வெவ்வேறு திசை பார்க்கும் எல்இடிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி அணைத்தாலே போதும். அப்போதும் பாயிண்ட் மாற்றிப் பக்கத்து லைனுக்குப் போகும் இடத்தில் வரைபடம் மட்டும் உதவாது, எந்த லைன் போட்டிருக்கிறார்கள் என்ற தகவலும் விளக்குக்கு வந்து சேர வேண்டும். அது வராதபோது வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்ல மறுபடியும் போகியின் கோணத்தைத்தான் அளக்க வேண்டும், இந்த முறை கம்பிக்குப் பதில் ஒரு சென்சார்.