இரண்டு கையையும் தூக்காதீங்க தம்பி

ஒரு மார்கழிக் காலை. ஆறேகால் மணி இருக்கும். பின்னால் இருபத்திரண்டு பெட்டியோடு ரயிலை ஓட்டிக்கொண்டு சேலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தேன். மலையடிவாரத்து வளைவு ஒன்று தாண்டியதும் பனிக்குள்ளே ஒரு பையன், தண்டவாளத்தை ஒட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் இருந்த துணை ஓட்டுநர், அதாவது உதவி பைலட், "சார், ஆளு!" என்று சொல்லி முடிப்பதற்குள் என் கை எமர்ஜென்சி பிரேக்குக்குப் போய்விட்டது.

வண்டி அவனைத் தாண்டி அரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஓடித்தான் நின்றது. கடைசிப் பெட்டி ஏறக்குறைய அவன் எதிரிலேயே நின்றதால் கார்டு இறங்கி விசாரித்தார். பாலத்தில் விரிசலோ, முன்னால் மரம் விழுந்து கிடக்கிறதோ என்று நாங்கள் இருவரும் வாக்கிடாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது. "ஒண்ணுமில்ல சார். போட்டோ எடுக்கிற பசங்க. வீடியோவுல ஹாரன் சத்தம் வேணும்னு கை காட்டுனாங்களாம்."

எங்கள் பொது விதிகளில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கையில் சிவப்புக் கொடி இல்லாதவர் பகலில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினால் 'நில்'. இரவில் சிவப்பு விளக்கு இல்லாமல் வெள்ளை விளக்கைக் குறுக்கே வேகமாக ஆட்டினாலும் 'நில்'. காட்டுகிறவர் தண்டவாளத்தைச் சோதித்து வரும் கீமேனா, ஆடு மேய்க்கிறவரா, கல்லூரி மாணவரா என்று வண்டியில் இருப்பவன் பார்க்கக் கூடாது. முதலில் நிறுத்த வேண்டும், விசாரணை அப்புறம்.

இந்த விதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2024 பிப்ரவரியில் செங்கோட்டைக்கு அருகே நடந்ததைச் சொல்லலாம். பகவதிபுரம் பக்கம், நள்ளிரவு தாண்டிய நேரம், சாலையிலிருந்து ஒரு லாரி உருண்டு தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு எழுந்த வயதான தம்பதி டார்ச் லைட்டோடு தண்டவாளத்தில் ஓடி, அதை ஆட்டி, எதிரே வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழக அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. ஆட்டுகிற வெளிச்சத்தை நாங்கள் நம்புவதால்தான் அது நடந்தது. தினமும் பத்துப் பேர் விளையாட்டுக்குக் கையைத் தூக்கினால் அந்த நம்பிக்கை என்ன ஆகும்?

எமர்ஜென்சி போட்டால் உடனே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடவும் முடியாது. பிரேக் பைப்பில் இருக்கும் 5 கிலோ காற்றழுத்தம் மொத்தமாக இறங்கிவிடும். அதைக் கடைசிப் பெட்டிவரை மறுபடி ஏற்ற வேண்டும், வண்டியைப் பார்க்க வேண்டும், வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலுக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பன்னிரண்டு நிமிடம் போனது. பின்னால் வந்த வண்டியும் சிக்னலில் நின்றது. இதற்கெல்லாம் எழுத்தில் பதில் சொன்னவன் நான்.

இதைப் படித்துவிட்டு ரயில் ரசிகர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். எனக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. சின்ன வயதில் ரயில்வே கேட்டில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, ஆல்கோ டீசல் எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு இழுத்துப் போவதைப் பார்க்கவே பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனவன் நான். இப்போதும் ஈரோடு ஷெட்டின் எஞ்சினா, அரக்கோணம் ஷெட்டின் எஞ்சினா என்று நம்பரைப் பார்க்காமல் பெயின்டை வைத்தே சொல்லும் பையன்களைக் கண்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அவர்கள் எடுக்கிற படங்களில் எங்கள் வண்டி எங்களுக்கே அழகாகத் தெரிகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே வண்டி வருகிற படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வழியாவா தினமும் போறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். போகிறோம். ஆனால் நாங்கள் பார்ப்பது சிக்னலை.

தண்டவாளத்திலிருந்து இரண்டடி தள்ளித்தானே நிற்கிறேன் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். நம் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர். எல்ஹெச்பி என்கிற புதுவகைப் பயணிகள் பெட்டியின் அகலம் 3240 மில்லிமீட்டர். ஆக ஒவ்வொரு பக்கமும் தண்டவாளத்தைத் தாண்டி இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டுதான் பெட்டி வருகிறது. இரண்டடி தள்ளி நிற்பவர் வண்டிக்குள்ளே நிற்கிறார் என்றுதான் அர்த்தம். கூட்ஸ் வண்டியில் அவிழ்ந்து தொங்கும் தார்ப்பாய்க் கயிறு, படிக்கட்டில் தொங்கும் பயணி, ஜன்னலிலிருந்து பறந்து வரும் தண்ணீர் பாட்டில், இதெல்லாம் அந்தக் கணக்கில் வராதவை.

இன்னொன்று கேமராவே செய்கிற ஏமாற்று. செல்போனின் அகல லென்ஸ் வழியாகப் பார்த்தால் தூரத்தில் இருப்பது இன்னும் தூரத்தில் தெரியும். திரையில் வண்டி கட்டைவிரல் அளவுக்கு இருக்கும்போது நிஜத்தில் அது பக்கத்திலேயே வந்திருக்கும். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு 30 மீட்டர். ஃபோகஸ் சரியில்லை என்று திரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பார்ப்பதற்குள் அறுபது மீட்டர் போய்விடும். நான் ஹாரன் அடித்துக்கொண்டே வருவேன். ஆனால் திரைக்குள் முழுகிப் போனவர்களுக்கு அது வீடியோவுக்குக் கிடைத்த பின்னணி இசை.

இரட்டைப் பாதையில் ஆபத்து இரண்டு மடங்கு என்றுகூடச் சொல்ல மாட்டேன், அது வேறு மாதிரி. ஒரு வண்டியைப் படம் எடுப்பவர் அது வருகிறவரை அடுத்த தண்டவாளத்தில் நிற்பார். வந்த வண்டியின் இரைச்சலில் எதிர்ப்பக்கம் வருவது காதில் விழாது. பழைய இரட்டைப் பாதைகளில் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும்போது நடுவே மிஞ்சுவது ஒன்றரை மீட்டர்தான். அதற்குள் ஒதுங்கி நிற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரவில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இருட்டில் மணிக்கணக்காக ஓட்டிப் பழகிய கண்ணில் அந்த வெளிச்சம் பட்டால் அடுத்த சிக்னல் தெளிவாகத் தெரியச் சில விநாடிகள் ஆகும். பாதைக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்தி அதன் பின்விளக்கை எரியவிட்டிருந்தாலும் எங்களுக்கு அது சிவப்பு.

யார்டில் நிற்கிற டேங்கர் வேகன் மேலே ஏறி செல்ஃபி எடுப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மேலே ஓடுவது 25,000 வோல்ட். அந்தக் கம்பியைத் தொட வேண்டியதில்லை. எங்கள் ஆட்களே மின்சாரத்தை நிறுத்தாமல் அதற்கு இரண்டு மீட்டருக்குள் போகக் கூடாது என்பது விதி. தலையோ செல்ஃபி குச்சியோ கம்பியை ரொம்ப நெருங்கினால், தொடாமலே மின்சாரம் காற்றைத் தாண்டிக் குதித்து வரும். பிழைத்தவர்களின் தீக்காயத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

எடுத்த படத்தைப் பகிர்வதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். ஜன்னலிலிருந்து எடுத்த ஒரு வீடியோ ஒருமுறை சுற்றிச் சுற்றி வந்தது. வண்டி போய்க்கொண்டிருக்கிறது, சிக்னல் சிவப்பு. "டிரைவர் சிவப்பைத் தாண்டிப் போகிறார்" என்று கீழே எழுதியிருந்தார்கள். எஞ்சின் தாண்டியதுமே சிக்னல் தானாகச் சிவப்புக்குத் திரும்பிவிடும், பின்னால் வருகிற வண்டியைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. நடுப்பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சிவப்பாகத் தெரிவதுதான் சரி. இது தெரியாமல் போட்ட ஒரு வரியால், நாளெல்லாம் ஓட்டிவிட்டு வந்த மனிதர் வீட்டில் தூங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம், கேபினுக்குள் ஏறி ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்காதீர்கள். அனுமதி இல்லாத யாரையும் நாங்கள் ஏற்றக் கூடாது. ஓட்டும்போது எங்கள் செல்போனே அணைத்துத்தான் இருக்க வேண்டும். இரக்கப்பட்டு ஏற்றியவர் படம் வெளியே வந்ததும் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் கடிதம், வாங்குகிறார். படம் போட்டவருக்கு அது தெரிவதேயில்லை. அதேபோல் தண்டவாள ஓரத்து வளைவையோ பாலத்தையோ இடக்குறியோடு போட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பத்துப் பேர் நிற்பார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவுப்படி அத்துமீறி ரயில்வே இடத்துக்குள் நுழைந்தால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது 1000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதில் பெயருக்கு எதிரே ஒரு வழக்கு இருப்பது அந்த ஆயிரம் ரூபாயைவிடப் பெரிய தொந்தரவு.

எங்கே எடுப்பது என்றால் இடத்துக்குப் பஞ்சமில்லை. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். சாலை மேம்பாலம், கேட்டுக்கு வெளியே, வயல் வரப்பு எல்லாம் நல்ல இடங்கள். பழைய எஞ்சின்களுக்குச் சென்னை வில்லிவாக்கத்திலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினை நின்ற இடத்தில் ஆற அமரப் பார்க்கலாம். 1908-ல் ஊட்டிவரை போன பாதை அது. கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவே இருக்கும் பல் தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பிடித்துக்கொண்டுதான் ஏறும். நான் ஓட்டியதில்லை. அந்த எஞ்சின் ஆட்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

அந்த மார்கழிப் பையன் அடுத்த ஆண்டு சேலம் பிளாட்பாரத்தில் என்னைத் தேடி வந்தான். "அண்ணா, அன்னைக்குக் கை தூக்குனது நான்தான்" என்றான். நான் திட்டுவதற்குள் ஒரு படத்தை நீட்டினான். அதே வளைவு, ஆனால் எதிர்ப்பக்கக் கரும்பு வயலின் வரப்பிலிருந்து, பெரிய லென்ஸில் எடுத்தது. முழு வண்டியும் வில் மாதிரி வளைந்து வருகிறது, கூரையெல்லாம் மழை மின்னுகிறது. எஞ்சின் கண்ணாடிக்குள்ளே நானும் உதவி பைலட்டும், சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் ஒரு கையை நீட்டியபடி. ஒற்றைக் கை.

வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.