காற்று வரைந்த முக்கோணங்கள்

கிழக்கு இங்கிலாந்தின் செயற்கைக்கோள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். வயல்களுக்கு நடுவே, யாரோ அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தது போல, ஒன்றையொன்று வெட்டும் மூன்று பட்டைகள் தெரியும். சில இடங்களில் கான்கிரீட் அப்படியே இருக்கிறது. கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்த இடங்களிலோ, இறுகிப்போன மண்ணில் வேர் இறங்க முடியாமல் பயிர் வெளிறி நின்று பழைய கோட்டைக் காட்டிக்கொடுக்கிறது. எல்லாம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானதளங்கள்.

ஏன் மூன்று ஓடுபாதைகள்? அன்றைய விமானங்கள் பலவற்றில் சிறிய சக்கரம் வாலில் இருந்தது. எடையின் மையம், இறக்கைக்கு அடியில் இருக்கும் பெரிய முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் விழுந்தது. இறகை முன்பக்கம் வைத்து எய்த அம்பின் நிலைதான் அது. பக்கக்காற்று மூக்கைச் சற்றுத் திருப்பிவிட்டால் வால் முந்திக்கொள்ளப் பார்க்கும். விமானம் தரையிலேயே சுழன்றுவிடும். ஆகவே காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதை எதிர்கொள்ள ஒரு பாதை வேண்டியிருந்தது. 60 பாகை இடைவெளியில் மூன்று பாதைகள் போட்டால், இரு முனைகளையும் சேர்த்து ஆறு திசைகள் கிடைக்கும். காற்று எப்படி மாறினாலும் ஏதோ ஒரு பாதைக்கு 30 பாகைக்குள் இருக்கும்; அதன் வேகத்தில் பாதிக்கு மேல் பக்கவாட்டில் தாக்காது. பிரிட்டன் 1942-இல் வகுத்த அளவின்படி முதன்மைப் பாதை ஏறத்தாழ 1,830 மீட்டர், மற்ற இரண்டும் 1,280 மீட்டர்.

பிறகு வாலுக்குப் பதில் மூக்கின் கீழ் சிறு சக்கரம் வைத்த விமானங்கள் பரவின. எடையின் மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் வந்தது. அம்பு சரியாகத் திரும்பிவிட்டது. பக்கக்காற்றை ஓரளவு தாங்கலாம் என்றானதும் ஒரே பாதை போதும், ஆனால் ஜெட் விமானத்துக்கு அது இன்னும் நீளமாக வேண்டும். மூன்று பாதைகளில் இரண்டு வீண், மூன்றாவதும் போதாது. போர் முடிந்தது ஒரு காரணம் என்றால், பல தளங்கள் மீண்டு எழாததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மிஞ்சியது கான்கிரீட். அதை உடைத்துச் சாலைக்கு அடித்தளமாகக் கொட்டினார்கள். நார்ஃபோக்கின் ஆட்டில்பிரிட்ஜில் ஓடுபாதை மீதே வான்கோழிக் கொட்டகைகள் வரிசைகட்டின. தரை போடும் செலவு மிச்சம். ஜெர்மனியின் நாய்ஹார்டன்பெர்க் விமானதளத்தில் 2012-இல் சூரியத் தகடுகள் வந்தன. நிழல் விழாத பரந்த சமதளம் அதற்கு வேறெங்கே எளிதில் கிடைக்கும்?

எனக்குப் பிடித்தது பந்தயத் திடல்கள்தான். குண்டுவீச்சு விமானங்கள் ஊர்ந்து செல்லப் போட்ட சுற்றுப்பாதையில் திருப்பங்கள் ஏற்கெனவே இருந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் 1948-இல் பந்தயக் கார்கள் ஓடின. 1950-இல் முதல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயமும் அங்கேயே நடந்தது. அமெரிக்காவின் செப்ரிங் இன்னும் சுவையானது. பி-17 குண்டுவீச்சு விமானக் குழுவினருக்குப் பயிற்சி தந்த தளம் அது. பழைய கான்கிரீட் பலகைகளில் ஒரு பகுதி இன்றும் பாதையில் உண்டு. வெயிலில் விரிந்து சுருங்க விட்ட இணைப்பு இடுக்குகள் காலப்போக்கில் ஏறி இறங்கிவிட்டதால், ஒவ்வொன்றின் மேலும் கார் தட்டித் துள்ளுகிறது. அங்கே நடக்கும் 12 மணி நேரப் பந்தயம் முழுக்க இப்படி உதறினால் எந்தத் திருகு கழலும் என்பது தெரிந்துவிடும். சோதனை ஓட்டத்துக்கு அணிகள் இங்கே வருவது அதனால்தான்.

மூடிய ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறி வரைவது வழக்கம், மேலே இருக்கும் விமானி ஏமாந்து இறங்கிவிடக் கூடாதல்லவா. சிகாகோவின் மெக்ஸ் விமானதளத்தில் 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் உத்தரவின்பேரில் அந்தக் குறியைப் புல்டோசரால் தோண்டியே போட்டார்கள். சிக்கிக்கொண்ட விமானங்கள் பிறகு பக்கத்து இணைப்புப் பாதையிலிருந்து பறந்து போயின. இன்று அது ஏரிக்கரைப் பூங்கா.

பெர்லினின் டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் 2008-இல் மூடப்பட்டு 2010-இல் பூங்காவானது. வீடு கட்டும் திட்டத்தை 2014-இல் மக்கள் வாக்களித்துத் தடுத்தார்கள். பாதைகளுக்கு இடையிலான புல்லில் வானம்பாடிகள் கூடு கட்டுகின்றன. அந்தப் பருவத்தில் அங்கே வேலி போட்டுவிடுகிறார்கள். மேலைக்காற்றுக்கு எதிராக விமானம் எழும்பிய அதே பாதைகளில், இப்போது சக்கரப் பலகையில் நின்றபடி பட்டத்தைப் பிடித்துக்கொண்டு காற்றோடு ஓடுகிறார்கள்.