பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய சைலன்சரா? வேலையை முன்னாலிருந்து தொடங்குங்கள்

சைலன்சரை மாற்றித் தரச் சொல்லி எங்கள் பட்டறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் காரின் பின்பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். பம்பருக்குக் கீழே பளபளவென்று ஒரு பெரிய குழாய் தெரிய வேண்டும், ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைக்கும்போது கார் உறும வேண்டும், கூடவே இழுவையும் கூட வேண்டும். ஆசையில் தவறில்லை, எனக்கும் அந்த ஒலி பிடிக்கும். ஆனால் நான் முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொல்வேன். புகை புறப்படும் இடம் அங்கேதான் இருக்கிறது, சக்தி வீணாகும் இடமும் அநேகமாக அங்கேதான்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கங்களில் ஆசையாக வைத்திருக்கும் பழைய வேகக் கார்கள் பெரும்பாலும் 2000-களின் தொடக்கத்தில் வந்தவை. 106 குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 100 குதிரைத்திறன் கொண்ட ஃபியட் பாலியோ 1.6, மிட்சுபிஷி லான்சர், எப்போதாவது 1.8 டர்போ இன்ஜினுடன் ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இருபது வயதைத் தாண்டிய கார்கள் இவை. இணைப்புகளை அடைக்கும் கேஸ்கட் எரிந்திருக்கும், போல்ட் துருப்பிடித்திருக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உட்பகுதி உடைந்திருக்கும். இப்படிப்பட்ட காரின் வாலில் விலையுயர்ந்த சைலன்சரை மாட்டினால் சத்தம் மாறும், வேறெதுவும் மாறாது.

அண்மையில் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சிட்டி வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று ஒரு தட்டல், ஐந்து நிமிடத்தில் அது மறைந்துவிடும். டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று சொல்லி வேறிடத்தில் வால்வு இடைவெளியைச் சரிசெய்திருந்தார்கள். இன்ஜினிலிருந்து வரும் புகையைத் திரட்டும் மேனிஃபோல்டும் முன்குழாயும் சேரும் ஃபிளாஞ்சு என்ற இணைப்பில் விளக்கடித்துப் பார்த்தோம். வெப்பத் தடுப்புத் தகட்டின் மீது விசிறி வடிவில் கரி படிந்திருந்தது. குளிர்ந்த நிலையில் அந்த இடுக்கு வழியே புகை கசிகிறது, சூடேறியதும் இரும்பு விரிந்து இடுக்கு அடைபடுகிறது. தட்டலுக்குக் காரணம் அவ்வளவுதான்.

காதுக்குச் சிறியதாகத் தெரியும் இந்தக் கசிவு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் விளைவு பெரிது. புகை விட்டுவிட்டுத் துடிப்பாக வருவதால், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று தகவல் அனுப்பும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் இறங்கும், பிளக் கறுக்கும், கார் மந்தமாகும். சிட்டிக்குப் புதிய கேஸ்கட் போட்டு, இற்றுப்போன ஸ்டட் போல்ட்களை மாற்றிய பிறகு, சைலன்சரைத் தொடாமலேயே இழுவை திரும்பியது.

அடுத்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது உள்ளே கலகலவென்று கேட்டால் பீங்கான் கூடு உடைந்துவிட்டது என்று பொருள். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அதே துளையில் அழுத்தமானியைப் பொருத்துவோம். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது, அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குள்ளும், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் மூன்று பி.எஸ்.ஐ.க்குள்ளும் இருந்தால் கவலையில்லை. தாண்டினால் காரின் மூச்சு அங்கே அடைபட்டிருக்கிறது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அதை அறுத்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைக்கும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டரை எடுப்பதால் இந்த இன்ஜின்களில் கிடைக்கும் சக்தி, ஓட்டுபவர் உணரும் அளவுக்குக்கூட இருக்காது. பாரத் ஸ்டேஜ்-2, 3 புகை விதிகளின்படி தயாரான பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கன்வெர்ட்டர் இல்லாமல் அதை எட்டுவது கடினம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதன் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. இலவசமாக எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த இலவசத்தின் விலை எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். எந்த வேலைக்காகக் கழற்றினாலும் பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

இவை சரியான பிறகு சக்தியைப் பற்றிப் பேசலாம். இன்ஜினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம், அதாவது புகையை எதிர்க்கும் தடை, வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். எந்த இன்ஜினுக்கும் பின்னழுத்தம் தேவையில்லை. தேவைப்படுவது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து போகும் புகை தனக்குப் பின்னால் ஓர் உறிஞ்சலை உண்டாக்கும். அடுத்த சிலிண்டரின் வால்வு திறக்கும் நேரத்துக்கு அந்த உறிஞ்சல் வந்து சேர்ந்தால் அதன் புகையும் சுலபமாக வெளியேறும். குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் வேகம் விழுந்துவிடும். இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால் குறுக்குப் பரப்பு 56 சதவீதம் கூடுகிறது. நூறு குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் இன்ஜினுக்கு இரண்டு அங்குலமே தாராளம். புகையால் டர்பைன் சுழலும் டர்போ காரின் கதை வேறு. டர்பைனுக்குப் பின்னால் எவ்வளவு தடையில்லாமல் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டர்போ இல்லாத கார்களில் சக்தி வரும் இடம் ஹெடர், அதாவது சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுப்பு. நான்கு குழாய்கள் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் ஹெடர் நடுச் சுற்றுகளில் இழுவை தரும். நான்கும் ஒரே இடத்தில் சேரும் வகை உச்சச் சுற்றுகளில் விளையாடும். காட்பாடி பாலத்து நெரிசலிலும் ஊர்ச் சாலைகளிலும் ஓடும் காருக்கு முதல் வகையைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். இதிலும் ஐந்து குதிரைத்திறன் கூடினால் நல்ல வேலை என்றே சொல்வேன். வெறும் சைலன்சரால் இருபது கூடும் என்பவரை நம்பாதீர்கள்.

ஒலியைத் தேர்ந்தெடுப்பதுதான் இருப்பதிலேயே நுட்பமான வேலை. நிற்கும் காரில் ஆக்சிலேட்டரை மிதித்துக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்புகள். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் நொடிக்கு நூறு வெடிப்புகள். நெடுஞ்சாலையில் கார் பெரும்பாலும் அந்தச் சுற்றுகளின் அருகிலேயே ஓடுகிறது. நடுவில் ஒலியைத் தணிக்கும் ரெசனேட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்ட காரில் அந்த நூறு ஹெர்ட்ஸ் அதிர்வு கேபினுக்குள் ரீங்காரமாக நிறைந்து, வாலாஜாவைத் தாண்டுவதற்குள் தலைவலி வந்துவிடும். பின்சீட்டில் இருக்கும் குழந்தை அழும். ஆகவே ரெசனேட்டர் இருக்கட்டும், பின்னாலுள்ள சைலன்சர் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். அப்படியும் ரீங்காரம் வந்தால், ஒரு முனை மூடிய கிளைக்குழாயைப் பக்கவாட்டில் பற்றவைத்து அந்த ஒரு சுருதியை மட்டும் அடக்கலாம். கிளையின் நீளம் ஒலியலையின் நான்கில் ஒரு பங்கு. சுமார் 300 டிகிரி சூட்டில் புகைக்குள் ஒலி நொடிக்கு 480 மீட்டர் வேகத்தில் போகும், எனவே நூறு ஹெர்ட்ஸுக்கு 1.2 மீட்டர் வேண்டும். வெளிக்காற்றின் 340 மீட்டரை வைத்துக் கணக்கிட்டு 85 சென்டிமீட்டரில் வெட்டிவிட்டு, பலன் இல்லை என்று கைவிடுகிறவர்கள் உண்டு.

உலோகத்தில் ஏமாறாதீர்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி மலிவான 202 ரகத்தைக் கொடுப்பது நடக்கிறது. இரண்டிலும் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தச் சோதனை உதவாது. 202-இல் அதிகமுள்ள மாங்கனீசைக் காட்டிக்கொடுக்கும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். குழாய் வளையும் இடத்தில் நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பற்றவைக்கும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயு ஓட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உலோகம் கருகிச் சொரசொரப்பாகி, அங்கேயே விரிசல் விடும். ராணிப்பேட்டையில் பாய்லர் வேலை செய்து பழகிய வெல்டர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களைத் தேடிப் போவது வீண்போகாது.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். முதலாவது, புகைக்குழாயில் கசிவோடு கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டு ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. இரண்டாவது, தாழத் தொங்கும் குழாய். அறுவடைக் காலத்தில் நம் பக்கத்து ஊர்ச் சாலைகளில் கேழ்வரகுத் தாளும் கொள்ளுச் செடியும் பரப்பிக் கிடக்கும். காருக்கு அடியில் அவை சுற்றிக்கொண்டு, சூடான குழாயில் பட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது. வெப்பத் தடுப்புத் தகடுகளை எடைக்காகக் கழற்றாதீர்கள். அப்படி ஒரு சாலையைக் கடந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் குனிந்து பாருங்கள்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. ஒலி, புகை வரம்பை மீறும் காரை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 182ஏ(4) பிரிவில் உரிமையாளருக்குத் தனியாக 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஆனால் எனக்கு அபராதத்தைவிடப் பெரிய காரணம், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கடர் சாலை. மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம், இரவில் வரம்பு 40 டெசிபல். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள விடுதி அறைகளில் படுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் அங்கே கார் உறுமுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. வால்வு வைத்து ஒலியைக் குறைக்கும் சைலன்சராக இருந்தாலும், திறந்த நிலையிலும் சட்ட வரம்புக்குள் இருப்பதையே வாங்குங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுத்த பிறகு 500 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்பக் கொண்டுவாருங்கள். சூடாகிக் குளிர்ந்து புதிய கேஸ்கட் அமுங்கியிருக்கும், ஃபிளாஞ்சு போல்ட்களை மறுபடி முறுக்க வேண்டும். ரப்பர் ஹேங்கர்களையும் அப்போதே பார்த்துவிடலாம். கழற்றிய அசல் பாகங்களை எண்ணெய் தடவி வீட்டில் வையுங்கள். இந்த மாடல்களுக்கு அவை இனிப் புதிதாகக் கிடைப்பது அரிது, காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் அவற்றைத்தான்.