சம்மனசா, தேவதையா, தாக்கணங்கா?

அண்ணன் மகளுக்கு அரையாண்டு விடுமுறை. பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் தலையணை தடிமனில் ஓர் ஆங்கில நாவலோடு உட்கார்ந்திருந்தாள். அட்டையில் சட்டை போடாத ஒரு பையன், முகத்தில் உலகத்துச் சோகமெல்லாம், முதுகில் இரண்டு கறுப்புச் சிறகு. பின்னட்டையில் 'டீன் பாராநார்மல் ரொமான்ஸ்' என்று வகை போட்டிருந்தது. "இதுக்குத் தமிழ்ல என்ன சித்தப்பா?" என்றாள். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைக்கிறவன் என்பதால் வீட்டில் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என் தலையில்தான் விழும்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா, அவளுக்கு ஆச்சி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அட்டையைப் பார்த்தாள். "ஏட்டி, சம்மனசுக்கு எதுக்குக் கறுப்பு றெக்கை? அது பசாசுல்லா!" அவளுடைய கத்தோலிக்கத் தமிழில் சம்மனசு என்றால் ஏஞ்சல், பசாசு என்றால் பிசாசு.

கதை என்னவென்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிறாள் ஒரு பெண். யாரோடும் பேசாத ஓர் அழகன் அங்கே இருக்கிறான். அவன் மனிதனில்லை என்பது நூறு பக்கம் கழித்துத் தெரிகிறது. 2005-இல் வந்த ஓர் அமெரிக்க நாவலில் அந்த அழகன் ரத்தக்காட்டேரி. அது பேய்விற்பனை விற்றதும் ஓநாய் மனிதன், ஆவி என்று வரிசை கட்டி, 2009 வாக்கில் சொர்க்கத்திலிருந்து வீழ்ந்த ஏஞ்சலிடம் வந்து நின்றது. அடுத்த படி, ஏஞ்சல்களே மொத்தமாக வில்லன்கள் ஆனது. அவர்கள் படையெடுத்து வந்து நகரங்களைச் சாம்பலாக்குகிறார்கள். அதற்கு நடுவில் ஒருத்தி, எதிரிப் படையைச் சேர்ந்த, சிறகு வெட்டப்பட்ட ஒருவனோடு காதலில் விழுகிறாள். இவள் கையில் இருந்தது அந்தக் கடைசி வகை.

சரி, சொல்லுக்கு வருவோம்.

'டீன்' எளிதாகத் தெரியும், ஆனால் கொஞ்சம் வம்பு பிடித்தது. ஆங்கிலத்தில் பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை எண்ணின் வாலில் அந்த ஒலி வருவதால் வந்த பெயர். அதைப் பார்த்து நாம் 'பதின்பருவம்' என்று செய்துகொண்டோம். நல்ல சொல்தான். ஆனால் நம் 'பதின்' பதினொன்றிலேயே தொடங்கிவிடுகிறது, பன்னிரண்டில் காணாமல் போகிறது, பதின்மூன்றில் திரும்பி வந்து பத்தொன்பதில் மறுபடி காணாமல் போகிறது. பழைய பாட்டியல் நூல்களின் கணக்கில் பதினான்கு முதல் பத்தொன்பது வரை உள்ள பெண் 'மடந்தை'. வயதுக் கணக்கு கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று அதை அண்ணன் மகளிடம் சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பதின்பருவமே இருக்கட்டும்.

'ரொமான்ஸ்' முதலில் காதலே இல்லை. இடைக்காலப் பிரான்சில் படித்தவர்களுக்கு லத்தீன், மற்றவர்கள் வாயில் இருந்த பேச்சுமொழிக்கு 'ரோமான்ஸ்' என்று பெயர். அந்தப் பேச்சுமொழியில் சொன்ன வீரர் கதைகளுக்கும் அதே பெயர் ஒட்டியது. கதைகளில் வீரம் குறைந்து காதல் கூடக் கூட, பெயரும் காதல் பக்கம் சாய்ந்தது.

'பாராநார்மல்' எனக்குப் பிடித்த சொல். 'நார்மா' என்றால் லத்தீனில் ஆசாரி கையில் இருக்கும் மூலைமட்டம். போன மாதம் கதவு நிலை வைக்க வந்த ஆசாரி, அந்த எல் வடிவக் கருவியை மூலையில் அண்டக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அரை நூல் வெளிய நிக்கி" என்றார். அதேதான். 'பாரா' என்பது கிரேக்கத்தில் பக்கத்தில், புறத்தில். மூலைமட்டத்துக்குள் அடங்காமல் அரை நூல் வெளியே நிற்பது பாராநார்மல். வார இதழ்க்காரர்கள் இதற்கு 'அமானுஷ்யம்' என்ற சொல்லைப் பழக்கிவிட்டார்கள். மனுஷத்தன்மை இல்லாதது என்று பொருள். இயற்கைக்கு மேலானதைச் சொல்லும் 'மீவியற்கை' வேறு, அது தத்துவ வகுப்புக்குச் சரி. அமானுஷ்யத்தில் புளியமரமும் நடுநிசியும் சேர்ந்தே மணக்கின்றன, எனவே கதைப் புத்தகத்துக்கு அதுவே தோது.

'வில்லன்' கூட ஒரு வீழ்ச்சிக் கதைதான். லத்தீனில் 'வில்லா' பண்ணைவீடு, அதில் உழைத்தவன் 'வில்லானுஸ்'. ஊரில் உழுதவனை நகரத்தான் முரடன் என்றான், பிறகு கெட்டவன் என்றான். நாம் 'பட்டிக்காட்டான்' என்பதோடு நிறுத்திக்கொண்டோம், அந்த மட்டில் நல்லது.

இனி ஏஞ்சல். சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கிரேக்கத்தில் 'ஆங்கெலோஸ்' என்றால் தூதன், செய்தி கொண்டுபோகிறவன், அவ்வளவுதான். எபிரேயத்தில் 'மலாக்', அரபியில் 'மலக்', இரண்டுக்கும் வேர் ஒன்று, 'அனுப்புதல்' என்று பொருள். சிறகு, ஒளிவட்டம், வெள்ளை அங்கி எதுவும் அந்தச் சொற்களில் இல்லை.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இந்தத் தூதனுக்கு ஊருக்கு ஒரு பெயர். பாளையங்கோட்டையில் 1820-இல் வந்து இறங்கிய மிஷனரி ரேனியஸ் காலத்திலிருந்து வேரூன்றிய புரோட்டஸ்டண்ட் சபைகளில் 'தேவதூதன்'. 1542-இல் சவேரியார் கால் வைத்த கடற்கரையில், மணப்பாட்டிலும் உவரியிலும், பழைய கத்தோலிக்க ஜெபங்களில் 'சம்மனசு'. 1995-இல் பொது மொழிபெயர்ப்பு வந்தபிறகு கோயிலில் 'வானதூதர்' என்றுதான் வாசிக்கிறார்கள். ஆனால் அம்மா உவரிப் பக்கத்துக்காரி, இன்றைக்கும் படுக்கப்போகும்போது காவல் சம்மனசிடம்தான் சொல்லிவிட்டுப் படுப்பாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேலப்பாளையத்திலும் அங்கே காயல்பட்டினத்திலும் முஸ்லிம்கள் வாயில் 'மலக்கு', பலர் என்றால் 'மலக்குமார்'. இவை போதாதென்று சினிமா கொடுத்த 'தேவதை' எல்லாத் தெருவிலும் உண்டு.

இந்தப் பெயர்கள் ஒரே பொருள் தருபவை என்று நினைத்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்தால் கதை படுத்துவிடும். ஏஞ்சலே வில்லன் என்பதில் உள்ள அதிர்ச்சிதான் இந்த நாவல்களின் மூலதனம். அந்த அதிர்ச்சி எந்தச் சொல்லில் இருக்கிறது?

'சம்மனசு' என்பதை 'சன்மனசு' என்று பிரிப்பார்கள், நல்ல மனம். எனக்கு முன்னால் பிறந்து மூன்று மாதத்தில் போன குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மா "சம்மனசாப் போயிட்டு" என்பாள். அந்தச் சொல்லை வில்லனுக்கு வைத்தால் அவளுக்கு அது கதையாக இருக்காது. கெட்டுப்போன சம்மனசுக்கென்று கத்தோலிக்கத் தமிழில் தனிச்சொல்லே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், 'பசாசு'. கெட்ட கணத்திலேயே பெயர் மாறிவிடுகிறது. அவள் அட்டையைப் பார்த்துச் சொன்னதில் இலக்கணப்பிழை ஒன்றுமில்லை.

'மலக்கு' இன்னும் கறார். இஸ்லாமிய நம்பிக்கையில் மலக்குமார் இறைவன் கட்டளைக்கு மாறு செய்வதில்லை. இப்லீஸையே ஜின் இனத்தவன் என்கிறது குர்ஆன். ஆக, மேலப்பாளையத்துப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்வதானால் வில்லன் ஜின்னாக இருந்தால்தான் கதை நகரும்.

'தேவதை' இதற்கு நேர் எதிர். வடமொழியில் 'தேவதா', தெய்வத்தன்மை. அந்த 'தா' ஈறு அங்கே பெண்பால், அந்தப் பழக்கத்தில் நம் தேவதையும் பெண்ணாகி, வெள்ளை கவுன் போட்டுக் கனவுப்பாட்டில் வருகிறாள். அதனால் சட்டை போடாத பையனுக்கு அது ஒட்டாது. அதைவிடப் பெரிய தடை, 'துர்தேவதை', 'துஷ்ட தேவதை' என்று நாம் எப்போதோ சொல்லிப் பழகிவிட்டோம். கெட்ட தேவதை என்றால் எங்கள் ஊரில் யாரும் திடுக்கிடமாட்டார்கள். எந்த ஊர்க் கோயில், கொடைவிழா எந்த மாதம் என்று கேட்பார்கள்.

'தேவதூதன்' மட்டும் தாங்கும். காரணம் அந்தச் சொல்லில் நல்ல மனமும் இல்லை, அழகும் இல்லை, வேலைதான் இருக்கிறது. அனுப்பியவன் சொன்னதைச் செய்கிறவன். பழைய ஏற்பாட்டில் அசீரியர் பாளையத்தில் ஒரே இரவில் இலட்சத்து எண்பத்தையாயிரம் பேரைக் கொன்றது கர்த்தருடைய தூதன். லூக்காவில் தூதன் வாயைத் திறந்ததும் 'பயப்படாதே' என்கிறான், பார்த்தவர்கள் பயந்துபோனதால்தானே. ஆங்கில நாவலாசிரியர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் வெள்ளித்தாள் சிறகு கட்டி ஆடும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து நாம் மறந்துபோனதை எடுத்துத் தூசி தட்டினார்கள். காதலுக்கும் அங்கேயே வேர் இருக்கிறது. ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளின் அழகைக் கண்டு பெண் எடுக்கிறார்கள். இதை ஏனோக்கின் நூல் விரித்துச் சொல்கிறது. இறங்கி வந்தவர்கள் இருநூறு பேர். அவர்களில் அசாசேல் ஆண்களுக்கு வாள் அடிக்கவும் பெண்களுக்குக் கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுத்தானாம். இரண்டையும் ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்த்ததைப் படித்தபோது அண்ணன் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஆனாலும் 'தேவதூதக் காதல்' என்று வகைப்பெயர் வைத்தால் ஞாயிறு பள்ளிப் பாடம் போல இருக்கிறது. அழகும் ஆபத்தும் ஒரே உடம்பில் இருக்கும் சொல் வேண்டும். அது இருக்கிறது, சங்க காலத்திலிருந்து இருக்கிறது: 'அணங்கு'.

அகராதியைப் பிரித்தால் அணங்குக்கு வருத்தம், அச்சம், கொலை என்றும் போட்டிருக்கும், தெய்வப்பெண், அழகு என்றும் போட்டிருக்கும். 'அணங்குதல்' என்று வினையாக வந்தால் வருந்துதல், வருத்துதல். பெண்ணுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். நற்றிணையின் 34-ஆம் பாட்டில் காதல் நோயில் மெலிந்த பெண்ணை முருகன் பிடித்துவிட்டான் என்று வேலன் என்னும் பூசாரியை வைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் எடுக்கிறார்கள். முருகனும் வந்து நிற்கிறான். தோழி அவனையே பார்த்து, இது உன் அணங்கு இல்லை என்று தெரிந்தும் வந்தாயே, 'கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற' என்கிறாள். கடவுளாகவே இரு, ஆனாலும் நீ மடையன்தான். பதின்பருவம், அமானுஷ்யம், காதல் மூன்றும் ஒரே பாட்டில் இருக்கின்றன, கூடவே வாய்த்துடுக்கான ஒரு சிநேகிதியும். இங்கே முறை மட்டும் தலைகீழ். நாவலில் பள்ளித்தோழன் என்று நம்பியவன் அமானுஷ்யமாக இருக்கிறான், பாட்டில் அமானுஷ்யம் என்று நம்பியது பக்கத்து மலைக்காரப் பையனாக இருக்கிறது.

படையெடுத்து வரும் ஏஞ்சலுக்கும் சொல் தயாராக இருக்கிறது. குறளின் 'தகையணங்குறுத்தல்' அதிகாரத்தில் (1082) அவள் திரும்பிப் பார்த்த பார்வை, 'தாக்கணங்கு தானைக்கொண் டன்ன துடைத்து' என்கிறார் வள்ளுவர். தாக்கி வருத்தும் அணங்கு, அதுவும் சேனையோடு வந்தது போல. கதைச் சுருக்கமே அந்த ஓரடியில் வந்துவிட்டது.

வீழ்ந்தவர்கள்? அதற்கு நாங்கள் குறளுக்குக்கூடப் போக வேண்டாம். கழுகுமலைப் பாறையில் சமணச் சிற்பங்களுக்கு நடுவே அம்பிகை என்னும் இயக்கி நிற்கிறாள், தீர்த்தங்கரரின் காவல் தெய்வம். சிலப்பதிகாரத்தில் மாதரி பால் படைத்துவிட்டு வருவதும் 'பூங்கண் இயக்கி'க்குத்தான். அந்த இயக்கிதான் பேச்சில் இசக்கியானாள். காதலித்தவனே கொன்ற பெண் பழிவாங்க வருகிற கதை வில்லுப்பாட்டில் அவளோடு சேர்ந்தது. காவலுக்கு நின்றவள் கதையில் கொல்லும் பேயானாள். பேயான பிறகும் மடியில் குழந்தையோடு பிள்ளைவரம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கறுப்பு வெள்ளை இரண்டு சிறகையும் ஒரே முதுகில் தாங்குகிற பாத்திரம் வேண்டுமென்றால் தெருமுனைக்கு நடந்தால் போதும்.

ஆக என் தீர்ப்பு: வகைக்குப் பெயர் 'பதின்பருவ அணங்குக் காதல்'. அணங்கிலேயே அமானுஷ்யம் அடங்கிவிடுவதால் அந்தச் சொல்லைத் தனியாகச் சுமக்க வேண்டாம். வில்லன் ஏஞ்சல் 'தாக்கணங்கு'. பைபிள் கதையை ஒட்டிப் போகும் நாவலானால் கதைக்குள்ளே 'தேவதூதன்' வரட்டும். 'சம்மனசு' மட்டும் வேண்டாம், அம்மாவுக்காக.

நான்கு நாள் கழித்துப் பார்த்தால் புத்தகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டியிருந்தது. பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் ஒழுங்காக எழுதி, பாடம் என்ற இடத்தில் 'தாக்கணங்கு'.

ஆச்சி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "என்ன பாடம்டி இது?"

"தமிழ்தான் ஆச்சி."